சட்டைப் பையில் ஏழு குளிசை

“முருகா, என்ரை பெடியன்ரை கேஸ் எப்ப முடியும்?”

கேட்டவர் கனகேஸ் அக்கா. எங்கள் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளி இருப்பவர். முந்திய நாள் வரைக்கும் என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர். அன்று மத்தியானப் பூசையில், கோயில் மண்டபத்துச் சீமெந்துத் தரையில் எனக்கு முன்னால் முழங்காலில் நின்று, கைகூப்பி, என்னை முருகா என்கிறார்.

நான் தரையில் கிடந்தேன். இரண்டு காலும் தரையை அடித்துக்கொண்டிருந்தன. நான் அடிக்கவில்லை, அவையாக அடித்தன. வலது குதிக்கால் மேளக்காரரோடு போட்டிக்குத் தாளம் போட்டது. இடுப்பிலிருந்து நெஞ்சு வரைக்கும் ஈரக்கயிற்றை முறுக்குவதுபோல ஒரு முறுக்கம் ஏறி ஏறி இறங்கியது. உடம்பு கொதித்தது. தோலுக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது.

யாரோ வேப்பிலைக் கொத்தொன்றை என் கையில் திணித்தார்கள். யாரோ தேங்காய் உடைத்தார்கள். “இஞ்சின்காரருக்குக் கலை வந்திட்டுது” என்ற பேச்சு வெளிவீதி வரைக்கும் போய்விட்டது. சாமி ஏறிவிட்டதாம்.

கனகேஸ் அக்கா அழுதுகொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். என்ன பதில் சொன்னேன் என்பதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கம். அதற்கு முதல் என் கால்களைப் பற்றிக் கதைத்துவிடுகிறேன்.

கேளாமல் வெளிக்கிடும் கால்

இந்தத் தொடரை இடையில் வாசிக்கத் தொடங்கியவர்களுக்காக ஒரு சின்னக் குறிப்பு. நான் புளியங்கூடலில் பிறந்தவன். கலியாணம் முடித்து மனிசியின் ஊரான எழுவைதீவுக்குப் போனவன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, படகு இஞ்சின்களைக் கழற்றிப் பூட்டியே தொழில் பழகினவன்.

சில வருடங்களுக்கு முந்தி, இறங்குதுறையில் கட்டியிருந்த படகொன்றில் பின்பக்கமாக அடி வைத்து, மூடி திறந்திருந்த இஞ்சின் கிடங்குக்குள் விழுந்தேன். மூடியைத் திறந்து வைத்தவனும் நானேதான். ஆரையும் குற்றம் சொல்ல வழியில்லை.

முதுகுத்தண்டு நசிந்தது. முற்றாக அறவில்லை. வோக்கரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து அடி வைப்பேன், மற்றும்படி வீல்செயார்தான்.

விழுந்தவனுடைய கால் சும்மா கிடக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் கால் நேரெதிர். ஒரு இலையான் பறந்து வந்து இருந்தால் போதும், துள்ளும். கட்டியிருக்கிற சாரம் உரசினால் துள்ளும். சில நாள் ஒன்றுமே படாமல், என்னவோ ஞாபகம் வந்ததுபோலத் துள்ளும்.

சனங்கள் சொல்லுவதைக் கொப்பியில் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. என் காலைப் பற்றியே நாலு பக்கம் இருக்கிறது. மீன்பிடிக்கிற சூசை அண்ணை ஒருநாள் சொன்னது: “உம்மடை கால் உம்மை விட்டுட்டு ஊர்காவற்துறைக்கு வெளிக்கிட்டிட்டுது, ஐசே. பொறும், நான் வள்ளம் இறக்கிறன்.”

என் மனிசி தவமலர் சொன்னது இன்னும் நல்லது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கால் உதறிச் சோற்றுக்கோப்பையைத் தட்டிவிட்டது. அவள் நிலத்தைக் கூட்டியபடியே, “கறி பிடிக்கேல்லையெண்டால் வாயாலை சொல்லலாம்” என்றாள்.

கதவும் கவர்னரும்

கால் ஏன் இப்படிச் செய்கிறது என்று அறிய எனக்குப் பெரிய அந்தரம். ஒரு இஞ்சின் காரணமில்லாமல் துள்ளினால் நான் விட்டுவிடுவேனா? கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை மருந்துக் குளிசை உறையின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினா. மிச்சத்தை நான் போனில் தேடி, அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தேன். பெரும்பகுதியை அந்தக் கோயில் கூத்துக்குப் பிறகுதான் படித்தேன் என்பதையும் சொல்லவேண்டும். பிழை இருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நரம்பென்றால் ஒரே கம்பி என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு நரம்பு முடிகிற இடத்தில் அடுத்த நரம்பைத் தொடாது. நடுவில் ஒரு சின்ன இடைவெளி, எங்கள் தீவுக்கும் ஊர்காவற்துறைக்கும் நடுவில் கடல் கிடப்பதுபோல. பெரும்பாலான இடங்களில் கரண்ட் அந்தக் கடலைத் தாண்டாது.

ஆனபடியால் நரம்பின் நுனியில் சேதிப் பொருளை அடைத்த சின்னஞ்சிறு பைகள் காத்திருக்கின்றன. கரண்ட் வந்து தட்டியதும் நுனியில் இருக்கிற கல்சியக் கதவுகள் திறக்கும். கல்சியம் வெளியே பல ஆயிரம் மடங்கு கூட, உள்ளே மிகக் கொஞ்சம். கண் இமைக்க முந்தித் திறந்து மூடினாலே பாய்ந்து வந்துவிடும். அது வந்து பட, பைகள் நரம்பின் தோலோடு ஒட்டித் திறந்து, சேதிப் பொருள் இடைவெளிக்குள் கொட்டுப்படும். எதிர்க்கரை அதை வாங்கும். இப்படிக் கைமாறிக் கைமாறித்தான் ‘இழு’ என்ற சேதி தசைக்குப் போகிறது.

இது வரைக்கும் சும்மா பாடம். அடுத்ததைப் படித்தபோதுதான் நான் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.

கொட்டுப்பட்ட சேதிப் பொருள் எதிர்க்கரைக்கு மட்டும் போவதில்லை. கொஞ்சம் திரும்பி வந்து, தன்னை அனுப்பிய நரம்பிலேயே இருக்கிற ஒரு ஆசனத்தில் இருக்கும். பக்கத்து நரம்புகள் அனுப்பிய பொருளும் அப்படி வந்து இருக்கும். இருந்த உடனே ஆசனத்தின் உட்பக்கம் ஒரு புரதத் துண்டு கழன்று போய்க் கல்சியக் கதவைப் பிடிக்கும்.

பூட்டாது. பிடிக்கும், அவ்வளவுதான். கதவு பஞ்சிப்பட்டு, சோம்பலாகத் திறக்கும். கல்சியம் குறைய வரும், பைகளும் குறையத் திறக்கும், சத்தம் அடங்கும். அடுத்தடுத்துப் பலமாகத் தள்ளினால் அந்தப் பிடி நழுவவும் செய்யும். அவசரத்துக்கு வழி விடுகிற காவல்.

டீசல் இஞ்சினில் இதற்குக் கவர்னர் என்று பெயர். வேகம் கூடக்கூட உள்ளே சுழலும் குண்டுகள் விரிந்து டீசலை இழுத்துக் குறைக்கும். இஞ்சின் தன் ஓட்டத்தாலேயே தன்னை அடக்கிக்கொள்ளும். இத்தனை வருடம் கவர்னர் கழற்றின எனக்கு, என் முதுகுக்குள்ளேயும் எண்ணில்லாத கவர்னர் ஓடுவது தெரியாமல் போனது.

கவர்னர் இறுகினால் என்ன நடக்கும் என்பதையும் நான் கண்டிருக்கிறேன். ஒருமுறை நடுக்கடலில் ஒரு படகின் இஞ்சின் கட்டறுந்து ஓடத் தொடங்கியது. டீசல் குழாயைப் பூட்டினேன். குழாயில் மிஞ்சிக் கிடந்ததைக் குடித்துக்கொண்டே இன்னும் கூட ஓடியது. கடைசியில் ஒரு ஈரச் சாக்கைச் சுருட்டிக் காற்று இழுக்கிற வாய்க்குள் திணித்தோம். சாக்கை உறிஞ்சி, இருமி, குலுங்கி நின்றது. பின் வாங்கிலில் இருந்த ஒரு மனிசி எட்டிப் பார்த்து, “இப்ப ஆரைக் கொன்று போட்டியள்?” என்று கேட்டா.

என் விசயத்தில், மேலேயிருந்து வருகிற ‘போதும், அடங்கு’ என்ற கட்டளை நசிந்த இடத்தில் தடைப்பட்டுவிட்டது. அடக்குகிற சேதிப் பொருள்களில் ஒன்றுக்குப் பெயர் காபா. நான் போடுகிற குளிசை, காபா வந்து இருக்கவேண்டிய ஆசனங்களில் ஒரு வகையில் தான் போய் இருந்து அதே வேலையைச் செய்யும். நாளுக்கு மூன்று.

வருடக்கணக்காகப் போட, நரம்புகள் அதற்குப் பழகிவிடும். திடீரென்று எடுத்தால் அடக்க ஆளில்லை. கிளினிக்கில் இதைச் சொல்லியும் இருந்தார்கள். “நிப்பாட்டவேணுமெண்டால் எங்களட்டை வாங்கோ, கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கவேணும்” என்று அந்தப் பிள்ளை இரண்டு தரம் சொன்னா. நான் இரண்டு தரமும் தலையாட்டினேன்.

ஆறு நாளுக்கு ஒரு நேர்த்தி

ஐப்பசியில் கந்தசஷ்டி வரும். எங்கள் தீவில் ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் மட்டும் என்று இருக்கிறவர்கள் உண்டு. ஆறாம் நாள் பின்னேரம் சூரன்போர். சூரனின் உருவத்தைத் தடிகளில் கட்டித் தோளில் வைத்து ஆட்டிக்கொண்டு வருவார்கள். விழுவதற்கு முந்தி, இடப்பக்கத்துப் பின் தடி என்னுடையது. சொல்லி வைத்த இடம். விழுந்த பிறகு நான் மதிலோரம் வீல்செயாரில் இருந்து சூரனின் முதுகைப் பார்க்கிற ஆள்.

குளிசை துள்ளலை அடக்கும்போது காலின் பலத்தையும் கொஞ்சம் கொண்டுபோய்விடும். போட்டால் கண் சொருகும், முழங்கால் பஞ்சாகும். அந்த ஐப்பசியில் கால் வழமையைவிடக் கூடத் துள்ளியது. அதை நான் என் விருப்பத்துக்கு விளங்கிக்கொண்டேன். துள்ளுகிற கால் உயிருள்ள கால், அதைக் குளிசைதான் நித்திரையாக்கி வைத்திருக்கிறது என்று.

விரதமென்றால் வாய்க்குள் ஒன்றும் போடக்கூடாது. குளிசையும் வாய்க்குள் போவதுதானே. முருகனிடம் ஒரு நேர்த்தி வைத்தேன். ஆறு நாளும் குளிசையைத் தொடமாட்டேன். ஆறாம் நாள் அந்தத் தடியைப் பிடித்து நிற்க எனக்குக் கால் தரவேண்டும்.

தவமலருக்குச் சொல்லவில்லை. அவள் நேரம் தவறாமல் குளிசையும் தண்ணீரும் கொண்டுவந்து தருவாள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டுக் குளிசையைச் சட்டைப் பைக்குள் போடுவேன்.

முதல் நாள் பின்னேரம் கால் இரண்டும் மரம்போல விறைத்து நின்றன. வோக்கரைப் பிடித்துப் பதினொரு அடி வைத்தேன். அந்த விறைப்பே எனக்கு முண்டு கொடுத்தது என்று பிறகுதான் தெரியும். அப்போது எனக்கு அது முருகன். கண்ணீர் வந்தது. தவமலரும் வாசலில் நின்று கண்டாள். “என்ன, கடவுளே” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டாம் நாள் கடியும் சொறியும். இருந்தால் எழும்பவேணும், எழும்பினால் படுக்கவேணும். விசிறியைப் போடச் சொன்னேன், நிற்பாட்டச் சொன்னேன், திரும்பவும் போடச் சொன்னேன். தவமலர், “பசியிலை உங்களுக்குக் கண் தெரியேல்லை, ஒரு பால் எண்டாலும் குடியுங்கோ” என்று கெஞ்சினாள். சுவரில் சின்ன நண்டுகள் ஏறிப் போவதைக் கண்டேன். அதையும் அவளுக்குச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் காலமை அவளே என்னைத் தள்ளிக்கொண்டுபோய்க் கோயிலில் விட்டாள். மூன்று நாளாக நான் மாற்ற விடாத, வேர்வையில் ஊறிய சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, தோய்க்க என்று வீட்டுக்குப் போனாள். மத்தியானப் பூசைக்குச் சேமக்கலம் அடிக்கத் தொடங்கியதும் என் கால் தொடங்கியது. அந்தச் சத்தமே போதுமாக இருந்தது. வீல்செயாரிலிருந்து உதறி விழுந்தேன். பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

நான் சொன்ன வாக்கு

கனகேஸ் அக்காவின் மகன் வெளிநாட்டில். அகதிக் கேஸ் வருடக்கணக்காக இழுபட்டுக்கொண்டிருந்தது. அவர் கேட்டது விளங்காத அளவுக்கு நான் மயங்கவில்லை. நண்டுகள் தூணிலும் ஏறிக்கொண்டிருந்தன, அது வேறு. கேள்வி விளங்கியது.

விழுந்த நாளிலிருந்து என்னிடம் ஆரும் ஒன்றும் கேட்டதில்லை. “இப்ப எப்பிடி?” என்று கேட்பார்கள், பதிலுக்கு நில்லாமல் போவார்கள். அன்று முப்பது நாற்பது பேர் கைகூப்பிக்கொண்டு என் வாயைப் பார்த்தார்கள்.

“நடக்கும்” என்றேன்.

கனகேஸ் அக்கா என் காலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினார். தொட்டதும் கால் இன்னும் கூடத் துள்ளியது. சனம் அரோகரா சொன்னது. இன்னும் இரண்டு பேர் கேள்வியோடு முன்னுக்கு வந்தார்கள். மூச்சு இழுக்க முடியாமல் நெஞ்சு இறுகியது. அந்த இறுக்கத்துக்குள்ளும் எனக்கு உள்ளூர ஒரு சந்தோசப் புளுகம் இருந்ததை மறைக்க மாட்டேன்.

அந்த நேரம்தான் தவமலர் வந்தாள். ஓடி வந்திருக்கிறாள். முழங்கை வரைக்கும் சவர்க்கார நுரை. ஒரு கையைப் பொத்தி வைத்திருந்தாள். சனத்தை இடித்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் குந்தி, பொத்திய கையை விரித்தாள். ஈரத்தில் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டின குளிசைகள். இரண்டு நாளைக்கு ஆறு, அன்று காலமைக்கு ஒன்று.

“இது என்ன?” என்றாள்.

அவள் மடியிலிருந்து புதிதாக ஒரு குளிசையை எடுத்தாள். “வாயைத் திறவுங்கோ.”

“விரதம்” என்றேன். தாடை இறுகி அந்த ஒரு சொல்லே பாதியாக வந்தது.

பின்னாலிருந்து ஒருவர், கலை வந்த நேரத்தில் சொந்த மனிசி கிட்டப் போகக்கூடாது என்றார். இன்னொருவர் அவளுடைய தோளைப் பிடித்து விலக்கப் பார்த்தார். தவமலர் திரும்பவில்லை. சனத்துக்குக் கேட்கத்தான் சொன்னாள், ஆனால் என்னைப் பார்த்தபடியே சொன்னாள்.

“இது முருகன் இல்லை. குளிசை நிப்பாட்டின வேலை. இந்த மனிசனை எனக்குத் தெரியும், முருகன் வந்திருந்தால் இவர் எனக்குத்தான் முதல் சொல்லியிருப்பார்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. கோயிலுக்குள் அப்படிக் கதைக்கலாமா என்ற முணுமுணுப்பு எழும்பியது. மேளம் நிற்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. என் பேரிலும் முருகன் பேரிலும் அத்தனை பேர் கைகூப்பி நிற்க, நான் எப்படிக் குளிசை விழுங்குவது?

அப்போது ஐயர் உள்ளேயிருந்து வந்தார். என்னைவிடப் பத்து வயது குறைந்தவர். மேளக்காரருக்குக் கை காட்டி நிற்பாட்டினார். தவமலரின் கையிலிருந்த குளிசையைப் பார்த்தார்.

“அண்ணை, காலமை பிறஷர் குளிசையைப் போட்டுட்டுத்தான் நான் பூசைக்கு வந்தனான்” என்றார். “நானும் விரதம்தான்.”

சொல்லிவிட்டுத் தீர்த்தச் செம்பை எடுத்து என் வாய்க்குக் கிட்டப் பிடித்தார். தவமலர் குளிசையை வைத்தாள். விழுங்கினேன்.

வாடைக் கடல்

ஒரு குளிசை போட்டவுடன் கால் அடங்கிவிடவில்லை. உடம்பு இன்னும் கூடக் கொதித்தது. கதவைப் பிடிக்கிற பிடி, தள்ளுகிற வேகத்தில் நழுவிக்கொண்டிருந்திருக்கும் என்று இன்றைக்கு நினைக்கிறேன். அன்று எனக்குத் தெரிந்தது சாகப் போகிறேன் என்பது மட்டும்தான்.

சூசை அண்ணை வள்ளத்தை இறக்கினார். வாடை தொடங்கிக் கடல் மேடு பள்ளமாகக் கிடந்தது. மற்ற நாளென்றால் அந்தக் கடலுக்கு அவர் ஒரு பகிடி வைத்திருப்பார். அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

என்னை நாலு பேர் தூக்கி வள்ளத்தில் கிடத்தினார்கள். கனகேஸ் அக்காவும் இறங்குதுறை வரைக்கும் வந்திருந்தார். அவரைக் கிட்டக் கூப்பிட்டேன்.

“அக்கா, நடக்குமெண்டு சொன்னது நான்தான். முருகன் இல்லை.”

அவர் சீலைத் தலைப்பால் என் முகத்து வேர்வையைத் துடைத்தார். “அது எனக்குத் தெரியாதே, தம்பி?” என்றார். “ஆனால் ஒரு மனிசரும் என்னட்டை நடக்குமெண்டு சொன்னதில்லை. நீர் போயிட்டு வாரும்.”

அரை மணித்தியாலக் கடல். ஒவ்வொரு அலைக்கும் வள்ளம் குத்தக் கால் துள்ளியது. தவமலர் அடித்தட்டில் குந்தி, என் முழங்கால் இரண்டையும் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். பிடித்தால் கால் இன்னும் கூடத் துள்ளும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவளும் என்னை ஏசவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்கரை ஆஸ்பத்திரியில் நாளத்தில் ஊசி ஏற்றினார்கள். காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டார்கள். குளிசையைப் பழைய கணக்குக்கே திரும்பத் தொடங்கினார்கள். வலிப்பு வராமல் தப்பியது பெரிய விசயம் என்றும், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கதை வேறு என்றும் டொக்டர் தவமலருக்குத்தான் சொன்னார். எனக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை என்று கண்டுகொண்டார் போல.

மழை தூறித் தூறி நின்ற பின்னேரம். தவமலர் கட்டிலோரத்தில், ஈரம் காயாத அதே சீலையோடு இருந்தாள். கை அப்போதும் என் முழங்காலில். துள்ளல்களுக்கு இடையில் இடைவெளி கூடிக்கொண்டு வந்தது. பிறகு வலது கால் ஒருமுறை இழுத்து உதறியது. அதோடு நின்றது.

பஞ்சுபோலக் கிடந்தன இரண்டும். அவற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஆறாம் நாளும் தடியும் மனதில் வந்து போயின.

கொஞ்ச நேரத்தால் முழங்கால் மறுபடியும் நடுங்கியது. குளிசை கேட்கவில்லை, திரும்பவும் தொடங்கிவிட்டது என்று பயந்து எட்டிப் பார்த்தேன். கால் அசையவில்லை. நடுங்கியது அவளுடைய கை. கோயிலிலும் வள்ளத்திலும் நடுங்காத கை.

நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு அவள் கையை எடுக்கப் பார்த்தாள்.

“இனி ஒளிக்கிறதெண்டால், என்னட்டைச் சொல்லிப்போட்டு ஒளியுங்கோ” என்றாள்.

“ஓம்” என்றேன். அந்தக் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். அது அடங்க வெகுநேரம் எடுத்தது.